வன்னியில் மெதீமோகுளோபின் அளவை விளங்கிக்கொள்ளல்: ஈமோகுளோபின் வகை, பூர்வீகம், சூழல் பற்றிய முழுமையான வழிகாட்டி

ஆய்வுகூட அறிக்கையில் மெதீமோகுளோபின் (ஒட்சிசனைச் சுமக்க முடியாமற்போன ஈமோகுளோபின்) 8 சதவீதம் என்று வந்தால், அதன் பொருள் ஆளுக்கு ஆள் வேறுபடும். வயலுக்கு மருந்தடித்துவிட்டு மயக்கத்தோடு கொண்டுவரப்பட்ட இளைஞருக்கு அது இன்னும் ஏறப்போகும் நஞ்சின் தொடக்கமாக இருக்கலாம். ஈமோகுளோபின் போதியளவு உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவுக்குரிய கிளினிக்குக்கு மாதாமாதம் வந்துபோகும் சிறுமிக்கு அது நெடுநாளாக நிலைத்திருக்கும் ஒரு குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம். புதுக்குடியிருப்பில் காலையில் எடுக்கப்பட்டு, வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மத்தியானத்துக்குப் பிறகு போய்ச்சேர்ந்த குருதிக் குழாயானால், அது வெறும் தாமதத்தின் விளைவாகவும் இருக்கலாம். வன்னியின் ஆதார, பிரதேச வைத்தியசாலைகளில் பணியாற்றும் இளம் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களுக்கும், குடும்பத்தில் பரம்பரைக் குருதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அளவை எந்த ஒழுங்கில் படிக்க வேண்டும் என்பதே இதன் பொருள். “எந்த இனம்” என்ற கேள்வி பலர் எதிர்பார்ப்பதைப் போல முதலில் வராமல் வெகு பின்னால், அதுவும் வேறு உருவத்தில் வருவதற்கான காரணத்தை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதற்படி: எண் எதை அளக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஈமோகுளோபின் மூலக்கூறு ஒன்றில் நான்கு புரதச் சங்கிலிகளும், சங்கிலிக்கு ஒன்றாக நான்கு ஈம் கூறுகளும் உண்டு. ஒவ்வொரு ஈமின் நடுவிலும் உள்ள இரும்பு இரண்டேற்ற நிலையில் இருக்கும்வரை ஒட்சிசனைப் பிடிக்கவும் திரும்ப விடவும் செய்யும். அது ஒட்சியேறி மூன்றேற்ற நிலைக்குப் போனால் ஒட்சிசனைப் பிடிக்காது. அந்த நிலையில் உள்ளதே மெதீமோகுளோபின். இதோடு இன்னொரு கெடுதலும் சேர்கிறது. ஒரே மூலக்கூறில் ஒரு ஈம் ஒட்சியேறினால், மிச்சமுள்ளவை பிடித்த ஒட்சிசனை இறுகப் பற்றிக்கொண்டு இழையங்களுக்கு எளிதில் விடமாட்டா. ஆகவே 30 சதவீத மெதீமோகுளோபின் உள்ள ஒருவர், குருதிச்சோகையால் 30 சதவீத ஈமோகுளோபினை இழந்தவரைவிட மோசமாக இருப்பார்.

சுகமான உடலிலும் நாளொன்றுக்கு 0.5 முதல் 3 சதவீதம் வரையான ஈமோகுளோபின் தானாகவே ஒட்சியேறுகிறது. ஆயினும் அளந்து பார்த்தால் பொதுவாக 1 சதவீதத்துக்குக் குறைவாகவே காண்போம்; ஏனெனில் சைற்றோக்குரோம் பீ5 ரிடக்டேசு என்ற நொதியம் அதை இடைவிடாமல் பழைய நிலைக்குத் தாழ்த்திக்கொண்டிருக்கிறது. இந்த வேலையில் மிகப் பெரும்பகுதி அந்த ஒரு நொதியத்தினுடையது. இரண்டாவது நொதியப் பாதையொன்றும் இருக்கிறது. அது வழமையில் பெரும்பாலும் சும்மா இருந்து, மெதீமோகுளோபினைக் குறைக்கும் மருந்தான மெதிலீன் நீலத்தைக் கொடுக்கும்போது மட்டுமே விழித்தெழும். அதற்கு வேண்டிய எரிபொருளை ஜி-6-பி-டி நொதியம் உண்டாக்கிக் கொடுக்கிறது. விற்றமின் சியும் குளுற்றதையோனும் மெதுவாக உதவுகின்றன. எனவே அறிக்கையில் உள்ள எண் உருவாகும் வேகத்துக்கும் திருத்தப்படும் வேகத்துக்கும் இடையிலான மீதியேயாகும்; இதில் எந்தப் பக்கம் பிசகினாலும் அது உயரும்.

இரண்டாம் படி: மாதிரியை நம்பலாமா என்று பாருங்கள்

வன்னியில் இந்தப் படியே மிக அதிகமாகத் தவறவிடப்படுகிறது. குழாய்க்குள்ளும் ஒட்சியேற்றம் நடக்கிறது, நொதியமும் வேலைசெய்கிறது. ஆகவே நேரம் போகப்போக எண் ஏறவும் இறங்கவும் கூடும். ஹெப்பரின் இட்ட ஊசியிலோ குழாயிலோ எடுத்த குருதியை இயன்றவரை ஒரு மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும். தொலைவுக்கு அனுப்ப வேண்டுமானால் பனிக்கட்டியோடு, ஆனால் பனிக்கட்டி குழாயில் நேராகப் படாதபடி துணியோ கடதாசியோ சுற்றி அனுப்புங்கள். உறைந்த செங்குழியம் உடைந்தால் அந்த மாதிரி பயன்படாது. எடுத்த நேரத்தையும் அளந்த நேரத்தையும் அறிக்கையில் அருகருகே எழுதும் பழக்கம் எங்கும் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த இரண்டு நேரமும் இல்லாத 3 சதவீதத்தை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன்.

கூடவே ஒரு சுகதேகியின் மாதிரியை, ஆய்வுகூட ஊழியர் ஒருவருடையதானாலும், அதே நேரத்தில் எடுத்து அதே பெட்டியில் அனுப்புங்கள். இரண்டும் உயர்ந்து வந்தால் பிழை பயணத்தில் இருக்கிறது.

மூன்றாம் படி: இயந்திரம் வரும்வரை வடிதாளைப் பயன்படுத்துங்கள்

மெதீமோகுளோபினை நேரடியாக அளக்கும் கோ-ஒக்சிமீற்றர் வசதியுள்ள குருதி வாயுப் பகுப்பாய்வு இயந்திரம் எல்லா வைத்தியசாலையிலும் இருக்காது. ஆனால் வெள்ளை வடிதாள் எங்கும் உண்டு. நோயாளியின் குருதியில் ஒரு துளியையும் சுகதேகியின் குருதியில் ஒரு துளியையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கமாக இடுங்கள். குழல்விளக்கின் கீழ் வைத்துப் பார்க்காமல், தாளை யன்னலோரப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சில நிமிடம் காற்றுப்பட விடுங்கள். ஒட்சிசன் குறைவால் கருத்திருந்த குருதி காற்றுப்பட்டதும் சிவக்கும். மெதீமோகுளோபின் கூடிய குருதி அப்படிச் சிவக்காது. காய்ச்சிய பனங்கட்டிப் பாகின் நிறத்தில், ஓரத்தில் சற்றுக் கூடிய கபிலமாக, அப்படியே நிற்கும். பக்கத்துத் துளி பளிச்சென்று சிவந்திருக்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போகாது. 10, 15 சதவீதத்துக்குக் கீழே இந்தச் சோதனை கைகொடுக்காது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நிறத்தை எண்ணாக மாற்றும் அட்டையொன்றைப் பேராதனையைச் சார்ந்த நஞ்சியல் ஆய்வுக் குழுவினர் உருவாக்கி 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். களைநாசினி நஞ்சூட்டலைக் கிராமப்புற வைத்தியசாலைகளிலேயே கணிக்க வேண்டியிருந்ததால் இலங்கையிற் பிறந்த முறை அது. நிறமாலைமானி இருக்கும் ஆய்வுகூடத்தில் 1938ஆம் ஆண்டின் ஈவ்லின்-மல்லோய் முறை இன்றும் நம்பகமானது. மெதீமோகுளோபின் 630 நானோமீற்றருக்கு அருகே ஒளியை உறிஞ்சும். சயனைட்டுச் சேர்த்ததும் அந்த உறிஞ்சல் மறையும். மறைந்த அளவே மெதீமோகுளோபினின் அளவு. இந்த மறைதல் ஒழுங்காக நடக்கிறதா என்பதைக் கவனித்து வையுங்கள். ஈமோகுளோபின் எம் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

நான்காம் படி: விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் சொல்வதைக் கேட்காதீர்கள்

கொரோனாவுக்குப் பிறகு பல்ஸ் ஒக்சிமீற்றர் இல்லாத மருந்தகமே இல்லை என்றாகிவிட்டது. அது 660, 940 நானோமீற்றர் என்ற இரண்டே அலைநீளங்களில் ஒளியைப் பாய்ச்சி, ஒட்சிசனேறியதையும் ஏறாததையும் மட்டும் பிரித்தறியும். மெதீமோகுளோபின் இரண்டு ஒளியையும் ஏறக்குறையச் சமமாக உறிஞ்சுவதால், அளவு கூடக்கூட எண் 85க்கு அருகில் வந்து அங்கேயே நின்றுவிடும். உண்மையான நிலை 70ஆக இருந்தாலும் 50ஆக இருந்தாலும் கருவி 85 என்றே காட்டும். ஒட்சிசன் முகமூடி போட்டும் 85, 86 என்று அசையாமல் நிற்கிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, ஆனால் நாடிக் குருதியின் ஒட்சிசன் அழுத்தம் நன்றாக இருக்கிறது என்றால் அங்கே மெதீமோகுளோபினைத் தேடுங்கள்.

இதற்கு மாறான நிலையும் உண்டு. ஒட்சிசனைத் தளர்வாகப் பிடிக்கும் சில அபூர்வ ஈமோகுளோபின் வகைகளில், மெதீமோகுளோபின் சிறிதும் கூடாமலே விரற்கருவி தாழ்வாகக் காட்டும். கருவியின் எண் தாழ்ந்தது என்பதை மட்டும் வைத்து மெதிலீன் நீலத்தைக் கையில் எடுக்கக் கூடாது.

தோல் நிறமும் இங்கே குறுக்கிடுகிறது. கருந்தோலில் விரற்கருவி உண்மையைவிடச் சற்று உயர்வாகக் காட்டக்கூடும். நீலம் பாய்வதும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. நம்மவர்களில் நகத்தையும் கன்னத்தையும் பார்ப்பதைவிட நாக்கு, உதட்டின் உட்பக்கம், கண் இமையின் உட்பக்கம் ஆகியவற்றைப் பார்ப்பதே சரி. வெளிநாட்டுப் பாடநூல்களில் உள்ள படங்கள் வெண்தோலில் எடுக்கப்பட்டவை. அந்த நீலத்தை இங்கே எதிர்பார்த்திருந்தால் நேரம் போய்விடும்.

ஐந்தாம் படி: சதவீதத்தைக் கிராமாக மாற்றுங்கள்

மெதீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 1.5 கிராம் அளவுக்குச் சேர்ந்தால்தான் நீலம் கண்ணுக்குத் தெரியும். மொத்த ஈமோகுளோபின் 15 கிராம் உள்ள ஆணுக்கு அது 10 சதவீதம். மொத்தம் 7.5 கிராமே உள்ள தலசீமியா நோயாளிக்கு அது 20 சதவீதம். இப்போது இருவருக்கும் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு 1.8 கிராம் மெதீமோகுளோபின். உதடு நீலமாகி வீட்டார் பயந்து கொண்டோடி வருவார்கள். ஆனால் அவருக்கு வேலைசெய்யும் ஈமோகுளோபின் இன்னும் 13 கிராமுக்கு மேல் இருக்கிறது. இரண்டாமவருக்கு 0.9 கிராம்தான், நீலமே தெரியாது, ஆனால் மிஞ்சியிருப்பது 6.6 கிராம். ஆபத்து யாருக்கு அதிகம் என்பதை நீலம் சொல்லாது. எனவே அறிக்கையில் சதவீதம், மொத்த ஈமோகுளோபின், இரண்டையும் பெருக்கி வரும் கிராம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ஈமோகுளோபின் வகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட முயலும் எவரும் இந்தக் கணக்கைச் செய்யாமல் ஒப்பிட்டால், சோகையுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒரே கோலால் அளந்தவராவார்.

ஆறாம் படி: ஈமோகுளோபின் வகையைக் கண்டறியுங்கள்

இதுதான் விடயத்தின் நடுப்பகுதி. இங்கே சற்று நிற்க வேண்டும்.

குழந்தைகளிலிருந்து தொடங்கலாம். பிறந்த குழந்தையின் குருதியில் பெரும்பகுதி ஈமோகுளோபின் எஃப். அது வளர்ந்தவரின் ஈமோகுளோபின் ஏ-யைவிட எளிதில் ஒட்சியேறும். குழந்தையின் தாழ்த்தும் நொதியமோ வளர்ந்தவரில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியளவே வேலைசெய்யும். முதல் ஆறு மாதம் இந்த நிலை நீடிப்பதால், வளர்ந்தவருக்கு ஒன்றும் செய்யாத நீரும் மருந்தும் குழந்தையை நீலமாக்கிவிடும். வயிற்றோட்டம் கண்ட சிசுக்களிலும், கிணற்றில் ஒரு குறையும் இல்லாதபோதும், மெதீமோகுளோபின் உயரலாம்.

ஈமோகுளோபின் ஈ என்பது பீட்டாச் சங்கிலியின் 26ஆம் இடத்தில் குளுற்றமிக் அமிலத்துக்குப் பதிலாக இலைசீன் வந்த வகை. தென்கிழக்காசியாவிலும் வங்காளத்திலும் வடகிழக்கிந்தியாவிலும் மிகப் பரவலானது, இலங்கையிலும் உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்றவரின் மெதீமோகுளோபின் பொதுவாகச் சாதாரண எல்லைக்குள்ளேயே இருக்கும். ஒருவரிடமிருந்து ஈமோகுளோபின் ஈ-யும் மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியாவும் சேர்ந்துவிட்டால் கதை வேறு. குருநாகல் நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று இதைத் தெளிவாக்கியது. தொடர்ச்சியாக உயர்ந்த மெதீமோகுளோபின் இருந்த ஒரு நோயாளியிலிருந்து தொடங்கி, மேலும் 45 பேரைப் பார்த்தபோது, பலரில் மெதீமோகுளோபின் உயர்ந்தும் விற்றமின் சி தாழ்ந்தும் இருந்தன. அந்த முதல் நோயாளிக்கு விற்றமின் சி கொடுத்தபோது அளவு இறங்கியது. ஏற்கனவே சோகையுள்ள உடலில் மிஞ்சிய ஈமோகுளோபினும் ஒட்சிசனை இறுகப் பிடித்துக்கொள்வதால், ஒரே ஈமோகுளோபின் அளவுள்ள இருவரில் ஒருவர் பள்ளிக்கூடம் போய்வர, மற்றவர் படியேற முடியாமல் களைத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் இதை வாசித்துவிட்டு எவரும் கடையில் விற்றமின் சி வில்லை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கத் தொடங்க வேண்டாம். குருதியேற்றத்தால் உடலில் இரும்பு மிகுந்தவருக்கு, இரும்பகற்றும் மருந்து ஒழுங்காக ஓடாத நிலையில், கூடிய விற்றமின் சி இதயத்துக்குக் கேடு செய்யும். கிளினிக் வைத்தியரே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

ஆய்வுகூடத்தாருக்கு ஒரு குறிப்பு: ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. வரைபடத்தில் ஈமோகுளோபின் ஈ, எல்லோரிலும் சிறிதளவு இருக்கும் ஏ2 வகை நிற்கும் இடத்திலேயே நிற்கும். ஏ2 என்று 25, 30 சதவீதம் காட்டினால் அது ஏ2 ஆக இருக்க முடியாது.

அரிவாட்கல நோயின் ஈமோகுளோபின் எஸ், ஈமோகுளோபின் ஏ-யைவிட வேகமாகத் தானாக ஒட்சியேறும்; ஆனால் திருத்தும் நொதியம் சுகமாக இருப்பதால் அளவு பெரும்பாலும் சிறிதளவே உயரும். நிலையற்ற வகைகளான கோல்ன், சூரிச் போன்றவற்றில் உடைவே பெரிய தொல்லை. சூரிச் வகையுள்ளவர்களுக்கு சல்பா மருந்து கொடுத்தால் செங்குழியங்கள் திடீரென உடையும்.

ஈமோகுளோபின் எம் முற்றிலும் வேறு சாதி. இங்கே ஈமைச் சூழ்ந்துள்ள அமினோ அமிலமொன்று மாறியதால் இரும்பு மூன்றேற்ற நிலையிலேயே பூட்டப்பட்டுவிடுகிறது. நொதியம் எவ்வளவு முயன்றாலும் திறக்காது. அல்பாச் சங்கிலியின் 58ஆம் இட ஹிஸ்ரிடீன் தைரோசீனாக மாறினால் பொஸ்ரன் வகை. 87ஆம் இடத்தில் மாறினால் இவாத்தே வகை. பீட்டாச் சங்கிலியின் 63ஆம் இடத்தில் மாறினால் சஸ்கற்றூன், 92ஆம் இடத்தில் மாறினால் ஹைட் பார்க்; 67ஆம் இடத்தில் வலீனுக்குப் பதிலாகக் குளுற்றமிக் அமிலம் வந்தால் மில்வோக்கி. அல்பா வகைகளில் குழந்தை பிறக்கும்போதே நீலமாக இருக்கும். பீட்டா வகைகளில், காமாச் சங்கிலி விலகிப் பீட்டாச் சங்கிலி இடம்பிடிக்கும் சில மாதங்களுக்குப் பிறகே நீலம் தெரியவரும். காமா வகைகளில் பிறக்கும்போது இருந்த நீலம் தானாகவே மறைந்துபோகும். நீலம் தோன்றிய வயதைத் தாயிடம் கேட்டாலே எந்தச் சங்கிலி என்பதைப் பாதி ஊகித்துவிடலாம் என்பது இந்தத் துறையின் அழகுகளில் ஒன்று.

ஆனால் ஈமோகுளோபின் எம்-இன் ஒளி உறிஞ்சல் சாதாரண மெதீமோகுளோபினைப் போன்றதன்று. ஆகவே கோ-ஒக்சிமீற்றர் பிழையான எண்ணைத் தரலாம், அல்லது எண்ணே தராமல் எச்சரிக்கை காட்டலாம். சயனைட்டுச் சேர்க்கும்போது 630இல் உறிஞ்சல் ஒழுங்காக மறையாமல் மெதுவாகவோ அரைகுறையாகவோ மறைந்தால் இந்த வகையைச் சந்தேகியுங்கள். முடிவான விடையை மரபணுப் பரிசோதனையே தரும்.

ஏழாம் படி: இனத்தைக் கேட்காமல் பூர்வீகத்தைக் கேளுங்கள்

உலகில் எந்த மக்கட் கூட்டத்தை எடுத்தாலும் சுகதேகிகளின் மெதீமோகுளோபின் ஏறக்குறைய ஒரே எல்லைக்குள்தான் இருக்கிறது. கூட்டங்களுக்கிடையே வேறுபடுவது, அளவை உயர்த்தும் மரபணு மாற்றங்கள் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பதே. சைற்றோக்குரோம் பீ5 ரிடக்டேசுக் குறைபாடு உலகெங்கும் அபூர்வம். ஆனால் சைபீரியாவின் யாக்கூத்தியா மக்களிடமும், அமெரிக்காவின் நவஹோ முதலிய அதபாஸ்கன் மக்களிடமும், அலாஸ்காவின் பூர்வகுடிகளிடமும் கூடுதலாகக் காணப்பட்டது. கென்ரக்கி மலைப்பகுதியில் தலைமுறைகளாக நீலத்தோலுடன் வாழ்ந்த பியூகேற்று குடும்பத்தினர் ஐரோப்பிய வழித்தோன்றல்கள். 1960களின் தொடக்கத்தில் மடிசன் கோவீன் என்ற வைத்தியர் மெதிலீன் நீலம் கொடுத்து அவர்களின் தோல் நிறத்தை மாற்றிக் காட்டினார். ஜப்பானின் இவாத்தே மாகாணத்துக் குடும்பங்களில் ஈமோகுளோபின் எம் தலைமுறை தலைமுறையாக வந்தது. இவை எல்லாம் சிறிய, நெருங்கி மணஞ்செய்த, ஒதுங்கி வாழ்ந்த குடும்பத் தொகுதிகளின் கதைகள். ஒரு பேரினத்தின் இயல்பு என்று எடுத்துக்கொள்ள இவற்றில் இடமில்லை. மாறாக, அதே நொதியத்தில் ஆபிரிக்க அமெரிக்கரிடையே மிகப் பரவலான மாற்றமொன்று உண்டு. அது நொதியத்தின் வேலையை ஏறக்குறையப் பாதிப்பதேயில்லை. பரவலானது எல்லாம் நோய் தராது.

இதை வன்னிக்குப் பொருத்திப் பாருங்கள். அனுமதிப் படிவத்தில் “இலங்கைத் தமிழர்” என்று எழுதப்பட்டவரின் பாட்டன் அடங்காப்பற்று வன்னியின் பழங்குடியாக இருக்கலாம். இரணைமடுக் குளத்தின் கீழான குடியேற்றத்துக்கு வந்த யாழ்ப்பாணத்தவராக இருக்கலாம். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறிய மலையகத் தமிழராகவும் இருக்கலாம். மன்னாரினதும் முல்லைத்தீவினதும் முஸ்லிம் ஊர்களும் வவுனியா தெற்கின் சிங்கள ஊர்களும் இதே மாவட்டங்களில்தான் இருக்கின்றன. படிவத்தின் இனக் கட்டம் இவர்களைப் பிரித்துக் காட்டாது. மலேரியாக் காட்டில் தலைமுறைகளாக வாழ்ந்த வழியா என்பதே குருதிக்கு முக்கியம். ஏனெனில் தலசீமியாவும் ஈமோகுளோபின் ஈ-யும் ஜி-6-பி-டி குறைபாடும் மலேரியா இருந்த இடங்களிலேயே நிலைபெற்றன. இலங்கை தன் மண்ணிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளியை 2012இல் கண்டது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. காய்ச்சல் போய்விட்டது; அது தெரிந்தெடுத்து வைத்த மரபணுக்கள் போகவில்லை.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். “பரம்பரை நோய் ஏதும் உண்டா?” என்றால் எவரும் இல்லை என்றே சொல்வார்கள், வீட்டில் கலியாணத்துக்கு நிற்கும் பெண் இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். அனுபவமுள்ள தாதி ஒருவர் இதை இப்படிக் கேட்பார்: “ஆச்சி, உங்கட ஆக்களில ஆராவது பிறந்ததிலயிருந்தே உதடு கறுத்த மாதிரி இருந்தவையோ?” “ஓம் பிள்ளை, எங்கட அப்புவுக்கும் அப்பிடித்தான். வெத்திலை போடுறவர் எண்டு நினைச்சம்.” தகப்பன், மகன், பேரன் என்று தலைமுறைதோறும் நீலம் வந்தால் ஆட்சியுடைய மரபு; அதாவது ஈமோகுளோபின் எம் பக்கம் சாயலாம். பெற்றோர் இருவரும் சுகமாக இருந்து பிள்ளைக்கு மட்டும் வந்தால், அவர்கள் மச்சான் மச்சாள் முறையில் சொந்தத்துக்குள் முடித்தவர்களா என்று கேளுங்கள். நொதியக் குறைபாடு அந்த வழியில் வெளிப்படுவது. ஈமோகுளோபின் எம் புதிய மாற்றமாக, குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல், எந்த மக்களிடமும் தோன்றக்கூடும் என்பதால் குடும்ப வரலாறு இல்லாமை அதை மறுத்துவிடாது.

எட்டாம் படி: வெளிக் காரணத்தை வயலிலும் கிணற்றிலும் மருந்துப் பையிலும் தேடுங்கள்

திடீரென உயர்ந்த அளவுக்குப் பெரும்பாலும் வெளிக் காரணமே இருக்கும். நெல்வயல்களில் நீண்ட காலம் பாவனையிலிருந்த புரொப்பனில் என்ற களைநாசினி உடலுக்குள் போனதும் டைகுளோரோ அனிலீனாக உடைந்து ஈமோகுளோபினை ஒட்சியேற்றும். இந்த நஞ்சின் சூழ்ச்சி அதன் நீளம். மருந்து கொடுத்து அளவு இறங்கிய நோயாளிக்கு, உடலில் தங்கிய நஞ்சு மீண்டும் உடைய, மறுபடியும் ஏறும். ஆகவே ஒருமுறை இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பாமல் அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். போத்தலைக் கொண்டுவரும்படி உறவினரிடம் சொல்லுங்கள். பெயர்ச்சீட்டு உரிந்த பழைய போத்தலாக இருந்தாலும் கொண்டுவரட்டும்.

சிசுவானால் கிணற்றைக் கேளுங்கள். 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்ற வைத்தியர் கிணற்று நீரின் நைத்திரேற்றையும் நீலக் குழந்தைகளையும் முதன்முதலில் தொடர்புபடுத்தினார். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறையில் பசளை எளிதாக இறங்கிவிடுவதால் தோட்டக் கிணறுகள் பல இந்த எல்லையைத் தாண்டியுள்ளமை நெடுங்காலமாகத் தெரிந்ததே. வன்னியின் பெரும்பகுதி கருங்கற்பாறை நிலம்; ஆனால் மன்னார், பூநகரிப் பக்கம் சுண்ணாம்புப் பாறை உண்டு, மலசலகூடக் குழிக்கு அருகிலுள்ள கிணறு எந்த நிலத்திலும் நைத்திரேற்றைச் சேர்க்கும். நீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். பால்மா கரைக்கும் நீரை வேறிடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்த வழியில் ஆபத்து மிகக் குறைவு. நீர்ப் பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடலாம்.

மருந்துகளில் முதலிடம் தொழுநோய்க்குக் கொடுக்கும் டப்சோனுக்கு. பிறமக்வின், மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயின், பிறிலோகெயின், சல்பா மருந்துகள், குழந்தை வாயில் போட்டுக்கொண்ட நப்தலின் உருண்டை ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன.

ஒன்பதாம் படி: மெதிலீன் நீலத்துக்கு முன் இரண்டு கேள்விகள்

அறிகுறியுடன் 20 சதவீதத்துக்கு மேல், அறிகுறி இல்லாவிட்டாலும் 30 சதவீதத்துக்கு மேல் போனால் சிகிச்சை வேண்டும் என்பது பொது விதி. 50ஐத் தாண்டினால் மயக்கமும் வலிப்பும் வரலாம், 70க்கு மேல் உயிர் தப்புவது அரிது. சோகை, இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவருக்கு இந்த எல்லைகளைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். ஒட்சிசன் கொடுத்து, உடலின் ஒரு கிலோகிராமுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மெதிலீன் நீலத்தை நாளத்தினூடாக ஐந்து நிமிடத்தில் மெதுவாகச் செலுத்துவது வழமை. தேவையானால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மீண்டும் கொடுக்கலாம். மொத்தம் கிலோகிராமுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

முதற் கேள்வி ஜி-6-பி-டி. அந்த நொதியம் குறைந்தவரில் மெதிலீன் நீலம் பயன்தராததோடு செங்குழியங்களையும் உடைக்கும். மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் ஆண்களே கூடுதலாகப் பாதிக்கப்படுவர். அவசரத்தில் பரிசோதனைக்கு நேரம் இராது. எனவே முன்பு மலேரியா மருந்தோ வேறு மருந்தோ எடுத்து சிறுநீர் கறுத்துப் போனதா, குடும்பத்தில் ஆண்களுக்கு அப்படி நடந்ததா என்று கேளுங்கள். சந்தேகமிருந்தால் விற்றமின் சி, குருதி மாற்றீடு ஆகிய வழிகளை மூத்த வைத்தியருடன் பேசுங்கள். நாளத்தினூடாக மிகக் கூடிய அளவில் கொடுத்தால் விற்றமின் சியும் இவர்களில் செங்குழியங்களை உடைக்கலாம். இரண்டாவது கேள்வி, மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவரா என்பது. செரட்டோனினைக் கூட்டும் மருந்துகளுடன் மெதிலீன் நீலம் ஆபத்தாக மோதும். மருந்து செலுத்திய உடனே கோ-ஒக்சிமீற்றரில் பார்க்காதீர்கள். அந்த நீலமே எண்ணைக் குழப்பும்.

இரண்டு தடவை கொடுத்தும் அளவு அசையவில்லையானால் நான்கு சாத்தியங்கள்: நஞ்சு இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, ஜி-6-பி-டி குறைவு, உண்மையில் இது சல்ஃபீமோகுளோபின் (கந்தகம் சேர்ந்து மீளமுடியாதபடி மாறிய ஈமோகுளோபின்), அல்லது ஈமோகுளோபின் எம். கடைசியானால் கவலைப்பட ஒன்றுமில்லை. அவருக்குச் சிகிச்சையே தேவையில்லை.

பத்தாம் படி: கையில் ஓர் அட்டையைக் கொடுத்து அனுப்புங்கள்

பிறவியிலேயே அளவு உயர்ந்தவர்கள் 20, 25 சதவீதத்தோடு வயல் செய்து பிள்ளை பெற்று முதுமை வரை வாழ்கிறார்கள். அவர்களுக்குள்ள பெரிய ஆபத்து, விபத்திலோ பிரசவத்திலோ வேறொரு வைத்தியசாலைக்குப் போகும்போது, விரற்கருவியின் 85ஐக் கண்டு பயந்து தேவையற்ற குழாயும் மருந்தும் ஏற்றப்படுவதுதான். அட்டையில் நான்கு விடயங்கள் போதும்: உறுதிசெய்யப்பட்ட வகை அல்லது நொதியக் குறைபாடு, சுகமாக இருக்கும்போது உள்ள மெதீமோகுளோபின் அளவும் மொத்த ஈமோகுளோபினும், வழமையான விரற்கருவி எண், தவிர்க்க வேண்டிய மருந்துகள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, பெயர், திகதி, வைத்தியரின் ஒப்பம் இட்டுக் கொடுங்கள். குடும்பத்தில் மற்றவர்களையும், குறிப்பாகக் கர்ப்பிணிகளையும் புதிதாகப் பிறந்தவர்களையும், ஒருமுறை வந்து காட்டச் சொல்லிக் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தகவல் அனுப்புங்கள்.